உடைக்காமல் கண்டுபிடிப்போம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், சிவில் பிரிவு முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பேசுகிறவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் பயன்படுகிற விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, சீக்கிரம் முடிக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் உறுதி தர முடியாது. முதலாவதற்குத் தருகிறேன். ஏனென்றால் இங்கே இருப்பவர்களில் மெக்கானிக்கல் உண்டு, எலக்ட்ரிகல் உண்டு, வங்கிக்குப் போனவர்கள் உண்டு, அமெரிக்காவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆனால் வீட்டில் ஓதம் காக்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம். (சிரிப்பு.) ஒருத்தரும் இல்லை!

சுவரில் ஓர் ஈரத் திட்டு தெரிகிறது. பெயிண்ட் உப்பி உதிர்கிறது. உடனே என்ன செய்கிறோம்? ஒரு கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். அவர் வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், சுவரைத் தட்டுகிறார், "சார், பாத்ரூமை முழுசா உடைச்சுப் பார்த்துடலாம்" என்கிறார். நாற்பது டைல்ஸ் உடைகிறது. அந்த டைல்ஸ் இப்போது கடையில் கிடைப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் அதே திட்டு, பழைய நண்பனைப் போல மறுபடியும் வந்து நிற்கிறது.

உடம்புக்கு வயிற்று வலி என்றால் எந்த டாக்டராவது முதலில் கத்தியை எடுக்கிறாரா? எப்போது வலிக்கிறது, சாப்பிட்ட பிறகா, சாப்பிடும் முன்பா என்று கேட்கிறார். பிறகு கை வைத்துப் பார்க்கிறார். அப்புறம்தான் ஸ்கேன். கத்தி கடைசி. கட்டடத்துக்கும் அதே முறைதான். அந்த வரிசையில்தான் இன்று பேசப் போகிறேன்.

ஏன் அலட்சியம் கூடாது?

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்பது மருந்துக் கணக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. அதாவது நாலே கால் லிட்டருக்குச் சற்று மேல். வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டரைத் தாண்டுகிறது. இது வெறும் சொட்டு. பைப்பில் மெல்லிய கீறல் விழுந்தால் கணக்கே வேறு. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். குடத்தோடு வரிசையில் நின்ற அதே தெருக்களில், சுவருக்குள் எத்தனை வீட்டில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்ததோ!

இரண்டாவது, கட்டடம். ஈரமும் காற்றும் சேர்ந்து கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கிற பொருள். உள்ளே இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. சிலாப் அடியில் துண்டு துண்டாக விழுகிறதே, அது இந்த வேலைதான்.

மூன்றாவது, உயிர். ஓதம் காத்த சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் அது விளையாட்டு இல்லை. லைட் பாயிண்ட் வழியாகத் தண்ணீர் சொட்டுகிறது என்று வாளியை வைத்துவிட்டு லைட்டையும் எரியவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் அந்த சர்க்யூட்டை அணையுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற கசிவு மின் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லையென்றால், ஓதத்தைப் பார்ப்பதற்கு முன் அதை மாட்டுங்கள்.

நான்காவது ஒன்று உண்டு. அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் கருவி: கேள்வி

கசிவு ஐந்து வகை. அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் பைப், கழிவு நீர்ப் பைப், மழை நீர், தரையிலிருந்து சுவரேறும் ஈரம், காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து படிவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது.

இரவும் பகலும், மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி ஈரமா? சப்ளை பைப்பைச் சந்தேகப்படுங்கள். குளித்த பிறகு, துணி துவைத்த பிறகு கூடுகிறதா? கழிவுப் பைப் அல்லது பாத்ரூம் தரை. ஐப்பசி கார்த்திகையில் வந்து தை மாதம் காய்கிறதா? மொட்டை மாடி, சன்ஷேடு, வெளிச்சுவர் வெடிப்பு. தரையை ஒட்டி மூன்றடி உயரம் வரை வரிசையாக உப்புப் பூத்திருக்கிறதா? அடியிலிருந்து செங்கல் உறிஞ்சி ஏற்றுகிறது. இதற்குப் பைப்பை எத்தனை தேடினாலும் கிடைக்காது. ஏ.சி. அறையை ஒட்டிய சுவரில் மட்டும் வியர்க்கிறதா? அது காற்றின் ஈரமாக இருக்கலாம்.

கடைசி வகையைச் சோதிக்கக் காசே வேண்டாம். ஒரு கண்ணாடித்தாளை ஈரத் திட்டின்மேல் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நீர் பூத்தால் அறைக் காற்றின் வேலை. சுவர்ப் பக்கம் பூத்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது.

சிலாப் அடியில் வெள்ளையாகப் படிந்து, சில இடங்களில் சின்ன விழுதுபோல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகிறது. அங்கே தண்ணீர் நேற்று வந்ததல்ல, நெடுநாள் பழகிய வழி என்று அர்த்தம்.

இரண்டாவது: தொட்டியும் வால்வும்

மீட்டர் இருக்கிற வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்ன முள் அசைந்தால் எங்கோ போகிறது. நம் ஊரில் பல வீட்டில் மீட்டர் கிடையாது. கவலை வேண்டாம், மேல்நிலைத் தொட்டியே மீட்டர். இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை அணைத்து, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர். மூடிய தொட்டியில் ஆவியாகப் போவது கணக்கில் வராது.

இறங்கியிருந்தால் அடுத்த இரவு ஒரு பாத்ரூம் வால்வை மூடுங்கள். அதற்கடுத்த இரவு அடுத்ததை. எதை மூடினால் மட்டம் நிற்கிறதோ, குற்றவாளி அந்தக் கிளையில். நான்கு இரவில் ஒரு வீடு முழுவதையும் சலித்துவிடலாம். பழைய வால்வுகள் மூடினாலும் கொஞ்சம் விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கழிப்பறை ஃபிளஷ் டேங்க்கை மறக்காதீர்கள். அதில் கொஞ்சம் சாயப்பொடியைப் போட்டு அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. உடைக்கக் கிளம்பிய எத்தனையோ வீட்டில் செலவு ஒரு வாஷரோடு முடிந்திருக்கிறது.

மூன்றாவது: சாயம்

சாயம் என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டான்யூப் ஆறு கோடையில் தரைக்குள் காணாமல் போகும். தெற்கே சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் என்ற ஊற்று பொங்கி வருகிறது. இது அதுதானா? ஆற்றோரத்தாருக்கும் ஊற்றோர ஆலைக்காரர்களுக்கும் தகராறு. 1877-ல் ஆற்றின் பொந்தில் பத்து கிலோ ஃபுளோரசின் சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். சுமார் 60 மணி நேரத்தில் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது! அந்தச் சாயத்தை அடால்ஃப் ஃபான் பேயர் செய்து ஆறே வருஷம்தான் ஆகியிருந்தது. ஆற்றுநீர் போன வழியைக் காட்டிய அதே சாயம், மேல் வீடு கீழ் வீடு சண்டைக்கும் போதும்.

நம் அடுக்குமாடி பாத்ரூமில் பெரிய சிக்கல் தாழ்த்திய சிலாப். சிலாப்பை ஓர் அடி இறக்கிக் கட்டி, பைப்பைப் போட்டு, செங்கல் ஜல்லியால் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறோம். எங்கே கசிந்தாலும் தண்ணீர் அந்த ஜல்லித் தொட்டிக்குள் பரவி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஆகவே கீழ் வீட்டில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே உடைப்பது குருட்டு வேலை.

அதற்கு மூன்று சோதனை. முதலில் தரை நனையாமல், ஒரு குழாய் மூலம் நேரே நகானி ட்ராப்புக்குள் நிறத் தண்ணீரை ஊற்றுங்கள். கீழே நிறம் வந்தால் பைப் அல்லது ட்ராப். வரவில்லையா? இரண்டு நாள் காயவிட்டு, ட்ராப்பைத் துணி உருண்டையால் அடைத்து, தரையில் ஓர் அங்குலம் வேறு நிறத் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்துங்கள். வந்தால் டைல்ஸ் இணைப்பு. அதுவும் இல்லையென்றால் சுவரில் மட்டும் ஷவரை அடித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சோதனை. அவசரப்பட்டு மூன்றையும் சேர்த்துச் செய்தால் மூன்றும் வீண்.

மொட்டை மாடிக்கும் இதே முறை. பாதி பாதியாக மண் வரப்புக் கட்டி நீர் நிறுத்தலாம். ஆனால் ஐந்து சென்டிமீட்டர் நீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் யோசித்துச் செய்யுங்கள்.

நான்காவது: கருவிகள்

இப்போது ஸ்கேனுக்கு வருவோம்.

ஈரமானியில் இரண்டு வகை. இரண்டு ஊசிகளைச் சுவரில் அழுத்தி மின்தடையை அளப்பது ஒன்று. உப்பு ஏறிய சுவரில் இது காய்ந்த இடத்தையும் ஈரம் என்று சொல்லிவிடும். ஊசியில்லாத வகை மின்தேக்குத் தன்மையை அளக்கிறது. தண்ணீரின் மின்கடவா எண் சுமார் 80, காய்ந்த செங்கல்லுக்கு ஒற்றை இலக்கம். அந்த வித்தியாசம்தான் அடிப்படை. உள்ளே கம்பி இருந்தால் இதுவும் ஏமாறும். எனவே தனி எண்ணை நம்பாதீர்கள். சுவரில் ஓர் அடிக்கு ஓர் அடி சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவெடுத்து, சம அளவுகளைக் கோட்டால் இணையுங்கள். இரண்டாம் வருஷம் சர்வே கேம்ப்பில் வெயிலில் நின்று கான்டூர் போட்டோமே, அதேதான்! சிகரம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் ஊற்று.

அடுத்தது வெப்பப் படக் காமிரா. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அந்த அகச்சிவப்புக் கதிரைப் படமாக்குவது இந்தக் காமிரா. ஈரம் ஆவியாகும்போது சுவரின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல ஈரத் திட்டு சுற்றிலும் உள்ள சுவரைவிடக் குளிர்ந்து படத்தில் தனியாகத் தெரியும். வெந்நீர்ப் பைப் என்றால் கீசரைப் போட்டுத் திறந்துவிட்டால் பைப் பாதை சூடான கோடாகவும், கசிகிற இடம் பரவிய திட்டாகவும் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். இந்தக் காமிரா சுவருக்குள் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே பார்க்கிறது. "எக்ஸ்ரே மாதிரி சார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏ.சி. காற்று அடிக்கிற சுவர், நிழல் விழுந்த சுவர், பளபளக்கும் உலோகம் எல்லாம் பொய் சொல்லும். காமிரா காட்டிய இடத்தை ஈரமானி உறுதி செய்தால்தான் அது சாட்சி.

மூன்றாவது, காது. அழுத்தத்தோடு தண்ணீர் கசியும்போது சீறல் ஓசை எழுகிறது. குடிநீர் வாரியங்களில் பழைய ஆட்கள் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பைப்பில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள். இன்று அந்தக் கம்பிக்குப் பதில் மைக்ரோபோன், வடிகட்டி, ஹெட்போன். இரும்புப் பைப் ஓசையை நன்றாகக் கடத்தும். பிளாஸ்டிக் விழுங்கிவிடும். ஆகவே பிளாஸ்டிக் பைப்பில் இரவு அமைதியில், மிக அருகில் வைத்துக் கேட்க வேண்டும்.

நீண்ட லைனுக்கு ஓர் அழகான கணக்கு உண்டு. இரு முனையிலும் ஒவ்வோர் உணரி. கசிவின் ஓசை அருகிலுள்ள உணரிக்கு முதலில் வரும். உணரிகளின் இடைவெளி 100 மீட்டர், பைப்பில் ஓசை வேகம் விநாடிக்கு 1,200 மீட்டர், கால வித்தியாசம் 0.05 விநாடி என்றால், வித்தியாசத் தூரம் 60 மீட்டர். நூறிலிருந்து அறுபதைக் கழித்து இரண்டால் வகுத்தால் 20. முதலில் கேட்ட உணரியிலிருந்து 20 மீட்டரில் தோண்டலாம். வளாகங்களுக்கும் பெரிய குடியிருப்புகளுக்கும் இது நல்ல முறை. ஓசை வேகம் பைப்பின் பொருளைப் பொறுத்து மாறும், அதைச் சரியாகப் போட வேண்டும்.

கடைசியாக வாயு. 5 சதம் ஹைட்ரஜன், 95 சதம் நைட்ரஜன் கலவை. இந்த விகிதத்தில் தீப்பற்றாது. பைப்பில் தண்ணீரை வடித்துவிட்டு இந்த வாயுவை ஏற்றினால், எல்லாவற்றிலும் லேசான ஹைட்ரஜன் கசிகிற இடத்தில் வெளியேறி, கான்கிரீட்டையும் டைல்ஸ் இடுக்கையும் ஊடுருவி மேலே வரும். மோப்பக் கருவி அதைப் பிடித்துவிடும். ஓசையே எழுப்பாத சின்னக் கசிவுக்கும் பிளாஸ்டிக் பைப்புக்கும் இது கைகொடுக்கும்.

நாலாவது காரணம்

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது அண்டை வீட்டு உறவு. நான் பார்த்த ஒரு குடியிருப்பு. கீழ் வீட்டு ஹால் சுவர் மேல்மூலையில் ஈரம். மேல் வீட்டுக்காரர் பாத்ரூமை ஒருமுறை முழுவதும் உடைத்துப் போட்டுவிட்டார். ஈரம் போகவில்லை. "இவங்க வேணும்னே சொல்றாங்க" என்று அவர். "அவர் ஒழுங்கா செய்யலை" என்று இவர்கள். இரண்டு வருஷம் பேச்சு இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு மறு வீட்டில் போகவில்லை.

கீழ் வீட்டு அம்மாவிடம் கேட்டேன், "அம்மா, எப்பவெல்லாம் ஈரம் வருது?" அந்த அம்மா உள்ளே போய் தினசரிக் காலண்டர் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார்கள். ஈரம் கண்ட நாளிலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி. மழைக் காலத்தில் ஒன்றிரண்டுதான். ஏப்ரல், மே, ஜூனில் தினமும்! அதுவும் காலையில் அதிகம் என்று எழுதியிருந்தது. கோடை, இரவு. மேல் வீட்டில் அந்த மூலையில் படுக்கையறை ஏ.சி. அதன் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் பதித்தது. கடலோர ஊரின் புழுக்க இரவில் ஓர் ஏ.சி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட இறக்கும். மேல் வீட்டுக்காரரின் அனுமதியோடு அந்தக் குழாயில் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். மறுநாள் கீழ்ச் சுவரில் பச்சை. ஏ.சி. தண்ணீருக்கு வெளியே புதுக் குழாய் போட்டதோடு வேலை முடிந்தது. ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை.

அந்த அம்மா பொறியியல் படித்தவர் இல்லை. ஆனால் என் பெட்டியில் இருந்த எந்தக் கருவியைவிடவும் அந்தப் பென்சில் புள்ளிகள் அதிகம் சொல்லின. இரண்டு பக்கத்திலும் பொய் சொன்னவர் யாருமில்லை என்பதும் அன்று தெரிந்தது.

இதில் இன்னொரு எச்சரிக்கை. கசிவை நிறுத்தியதும் ஓதம் அன்றே நிற்காது. ஜல்லியும் செங்கல்லும் குடித்த தண்ணீரை வெளியே விட வாரக்கணக்கில் ஆகும். "ரிப்பேர் சரியில்லை" என்று பத்தாம் நாள் மறுபடி சுத்தியலை எடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஈரமானியில் அளந்து எழுதுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் பொறுங்கள். முழுவதும் காயும்வரை பெயிண்ட் அடிக்க வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு

பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்து போட்டோ எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு வையுங்கள். இணைப்புகளைக் கூடியவரை சுவருக்குள் புதைக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டும் முன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து டைல்ஸ் கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். என்ன செய்தாலும் சில நேரம் உடைக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது உடைவது ஒன்றிரண்டாக இருக்கட்டும், நாற்பதாக வேண்டாம்.

முடிக்கும் முன் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் கட்டுவதற்குப் படித்தோம். கட்டியதன் நோயைக் கண்டுபிடிக்க யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நம் கல்லூரி ஆய்வகத்தின் பின்புறம் ஒரு சின்னச் சுவரும் ஒரு பாத்ரூம் தளமும் கட்டுவோம். உள்ளே நாலைந்து கசிவுகளை வேண்டுமென்றே வைப்போம். எங்கே என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியட்டும். மாணவர்கள் ஓர் உளிகூட வைக்காமல் கண்டுபிடிக்கட்டும். பெரிய செலவில்லை, செங்கல்லும் பைப்பும்தான். முதல் ஈரமானியை நான் வாங்கித் தருகிறேன். காமிராவுக்கு நம் வெளிநாட்டு நண்பர்களைப் பார்க்கிறேன். (கைதட்டல்.)

சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை கசிகிறது. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், வாருங்கள் சாப்பிடப் போவோம்.